மியாட்டாவுக்குக் கீழே

ஜாக்கின் பிடி ஏறி இறங்க, கார் முதலில் முனகியது, பிறகுதான் எழும்பியது. சிவப்பு மியாட்டாவின் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, அதன் அடிவயிறு என் யன்னலுக்கு நேரே வந்து நின்றது. ஸ்காபரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு உலகம் நிலமட்டத்தில் தொடங்குகிறது. யன்னலின் அடிச்சட்டமும் டிரைவ்வேயின் தாரும் ஒரே உயரம். வெளியே நிற்பவரின் முகம் தெரியாது, சப்பாத்துத் தெரியும். காருக்குக் கீழே மல்லாந்து படுத்தவருடைய முகம் மட்டும் முழுதாகத் தெரியும்.

இரண்டு சோடிச் சப்பாத்துகள். ஒன்று தொழிற்சாலைச் சப்பாத்து, மூக்கில் இரும்பு வைத்தது, நாடா அறுந்த இடத்தில் மின்வயர்த் துண்டு கட்டியது. மற்றது வெள்ளை, காலை ஒன்பது மணிவரை வெள்ளையாகத்தான் இருந்தது. தகப்பனும் மகனும். விக்டோரியா டே நீள்விடுமுறையின் சனிக்கிழமை அது. இனிப் பனி விழாது என்று நம்பி ஒன்ராறியோக்காரர் தக்காளிக் கன்று நடும் நாள். எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி மண்மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் காரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

1994ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா. மகனைவிட வயதில் மூத்தது. முன்விளக்குகள் தேவைப்படும்போது மட்டும் இமை திறந்து எழும்பி நிற்கும் வகை. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கார்க் கண்காட்சியில் இது முதன்முதல் மேடையேறியது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். 1960களில் ஆங்கிலேயர் செய்து பிறகு கைவிட்ட சின்னஞ்சிறிய இருவர் காரை, எண்ணெய் ஒழுகாமல், காலையில் சாவி திருகியதும் ஓடும்படி மஸ்டா செய்து காட்டியது. எடை ஏறக்குறைய ஒரு தொன். நாலு சில்லுகளையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டிரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. பந்தயக் கார்களில் காணும் இந்த அமைப்பை விலை குறைந்த காருக்குக் கொடுத்ததுதான் அதன் புகழுக்குப் பாதிக் காரணம். அந்தக் கைகளுக்கு நடுவே ஷாக் அப்சோபர் ஒரு தூணாக நிற்கும், அதைச் சுற்றிச் சுருள்வில். இந்த மூன்று நாள் வேலை அந்த நாலு தூண்களையும் கழற்றிப் புதிது வைப்பது.

புதியவை படிக்கட்டில் பெட்டியோடு இருந்தன. கொயில்ஓவர் என்று அதற்குப் பெயர். பார்க்கப்போனால் பழையதிலும் ஷாக்கின் மேல்தான் சுருள் இருக்கிறது. ஆனால் கடைகளில் இந்தப் பெயரில் விற்பதற்கு மூன்று விசேஷம் உண்டு. உடம்பு முழுக்க மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஓடும் வளையங்களைத் திருகிக் காரை ஏற்றலாம், இறக்கலாம். சுருள் தடித்தது. உச்சியில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் ஷாக் இறுகும், அல்லது இளகும். மகன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுருளில் 7 என்று அச்சடித்திருந்தது. மில்லிமீட்டருக்கு 7 கிலோ என்று அர்த்தம். எழுபது கிலோ ஆள் ஒருவன் அதன்மேல் ஏறி நின்றால் 10 மில்லிமீட்டர் அமுங்கும், அவ்வளவுதான்.

காரின் பாரத்தைச் சுமப்பது சுருள். ஷாக் எதையும் சுமப்பதில்லை. சுருள் ஒருதரம் அமுங்கிவிட்டால் தானாக நிற்காமல் துள்ளிக்கொண்டேயிருக்கும், அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் மெல்லிய துளைகளும் அவற்றை மூடும் தகடுகளும். சில்லு குழியில் விழும்போது எண்ணெய் அந்தத் துளைகளுக்குள்ளால் பிதுங்கி ஓடவேண்டும். ஓடும்போது சூடாகும். துள்ளலெல்லாம் சூடாகிக் காற்றோடு போய்விடும். குமிழைத் திருகினால் எண்ணெய் போகும் வழி ஒடுங்கும். இதை மகன் தகப்பனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தகப்பன் "ம்" கொட்டினார். அவருக்குத் தெரியாததை அவன் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை.

தகப்பன் கொக்குவிலில் ஒரு கராஜில் வேலை பழகியவர். அவர் வாயால் கேட்டதில்லை. வாடகைக் காசு கொடுக்கப் போகும்போது வீட்டு அம்மா சொன்னது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையானபோது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் காபரேட்டருக்குள் கொஞ்சம் பீச்சி, எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஓடியவை மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும். 1948இல் வெளிவந்த, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனருக்கு முன்சில்லுகளில் சுருள்வில்லே கிடையாது. நீளமான இரும்புத் தண்டொன்று முறுகும். அந்த முறுக்குத்தான் வில். பின்னுக்குத் தகட்டு வில். உடைந்த தகட்டுக்கு மாற்று இல்லாத நாளில் லொறித் தகட்டை அறுத்துப் பொருத்திக் காரை ஓட வைத்தவர் என்பது வீட்டு அம்மாவின் பெருமை.

அப்படி வந்தவருக்கு, ஒழுங்காக ஓடும் காரை ஆயிரத்துச் சொச்சம் டொலர் கொடுத்துக் கழற்றுவது விளங்கவில்லை. பெட்டி வந்த நாளில் "நல்லாத்தானே ஓடுது?" என்று ஒருதரம் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சனிக்கிழமை விடிய, இரவு வேலையால் வந்த உடுப்போடு டிரைவ்வேயில் வந்து நின்றார்.

முதலில் அவர் செய்த காரியம் கழற்றிய முன்சில்லுகள் இரண்டையும் காரின் விளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டது. கார் ஏற்கெனவே இரும்புத் தாங்கிகளில்தான் நின்றது. தாங்கி வழுக்கினாலும் கார் சில்லின்மேல் விழும், ஆளின்மேல் விழாது. மகன் அதைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்; தோள் எனக்குத் தெரியவில்லை, சப்பாத்தின் குதி ஒருதரம் எழும்பித் தாழ்ந்தது.

இப்படி வீட்டில் சஸ்பென்ஷன் மாற்றும் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் புதுச் சாமானைப் பற்றித்தான் பேசுவார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் தெரிவது வேறு. புதியதைப் பூட்டுவது ஒரு மணித்தியால வேலை. மிச்சமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டு. ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்புக் கொட்டுகிறார்கள். மகன் வாங்கிய பிறகு இந்தக் கார் பனி கண்டதில்லை. அதற்கு முந்திய சொந்தக்காரர்கள் அப்படி இரக்கம் காட்டவில்லை. கீழ்க்கையில் இருந்த போல்ட் ஒவ்வொன்றும் தவிட்டு நிறத்தில் வீங்கியிருந்தது. வியாழக்கிழமையில் இருந்தே தகப்பன் வேலைக்குப் போகுமுன் குனிந்து குனிந்து அவற்றுக்குத் துருவெண்ணெய் அடித்துவிட்டுப் போனதைக் கண்டேன். விளங்கவில்லை என்று சொன்ன மனிதர்.

கீழ்க்கை சட்டகத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் போல்ட் சாதாரண போல்ட் அல்ல. அதன் தலையோடு சேர்ந்து மையம் விலகிய வட்டத்தகடு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் கை உள்ளே போகும், வெளியே வரும்; சில்லின் சரிவும் நேரும் மாறும். மியாட்டாவில் இப்படி எட்டு. மகன் ஸ்பானரைக் கொண்டுபோய் ஒன்றில் வைத்ததும் தொழிற்சாலைச் சப்பாத்து இரண்டடி கிட்ட வந்தது.

"பொறு. முதல் அடையாளம் வை."

"ஏன்? எப்பிடியும் அலைன்மென்ட் செய்யத்தானே போறம்."

"அலைன்மென்ட் செய்யிற இடத்துக்குக் காரை ஆர் ஓடிக்கொண்டு போறது? சில்லு கோணிக்கொண்டு நிண்டா?"

மகன் எழும்பிப் போனான். வீட்டுக்குள் இருந்து நகப்பூச்சு ஒன்றோடு வந்தான், ஊதா நிறம். எட்டு வட்டத்தகட்டிலும் சட்டகத்திலுமாகக் குறுக்கே எட்டு ஊதாக் கோடுகள். தங்கையின் சாமான் என்பது பிறகு மேல்மாடியில் கேட்ட சத்தத்தில் தெரிந்தது.

ஏழு இளகின. முதலாவது இளகும்போது துப்பாக்கி வெடித்தமாதிரிச் சத்தம். நான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி ததும்பியது. எட்டாவது, வலது பின்சில்லின் உட்போல்ட், அசையவில்லை. அல்லது அசைந்தது, இளகவில்லை.

"போல்ட் சுத்துது அப்பா. ஆனா வெளியால வருகுதில்லை."

தகப்பன் கீழே படுத்து வந்தார். முகம் முழுதாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார், ஒரு விரலை ரப்பர் புஷ்ஷின் விளிம்பில் வைத்தார், "இப்ப திருப்பு" என்றார். மகன் திருப்பினான். விரல் சேர்ந்து நகர்ந்தது.

"போல்ட் மட்டும் சுத்தேல்லை. புஷ்ஷும் சேந்து சுத்துது. உள்ளுக்குப் பிடிச்சிட்டுது."

புஷ்ஷின் உள்ளே ஒரு இரும்புக் குழல் உண்டு. போல்ட் அதற்குள்ளால் போகிறது. இரண்டும் துருவால் ஒன்றாகிவிட்டால் எத்தனை பெரிய தடி போட்டுத் திருப்பினாலும் ரப்பர்தான் முறுகிக் கிழியும். சுத்தியலால் தட்டினார். தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தார். காஸ் டோர்ச்சால் சூடு காட்டினார். ரப்பர் மணம் என் அறைக்குள் வந்தது. கடைசியில் "விடு, அதைப் பிறகு பாப்பம்" என்றார். மகன் வெட்டிவிடலாம் என்றான். மாற்றுப் போல்ட் இருக்கா என்று கேட்டார். இல்லை. பேச்சு முடிந்தது.

ஆபத்தான வேலை அதற்குப் பிறகு வந்தது. புதிய கொயில்ஓவருக்கு மேலே வைக்கும் தொப்பித்தட்டு பழையதில் இருந்து எடுக்கவேண்டும். பழையதைப் பிரிக்கவேண்டுமானால் அமுங்கி நிற்கும் சுருளை இன்னும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உச்சி நட்டைக் கழற்றவேண்டும். பிடி தவறினால் அந்தச் சுருள் ஆளின் தாடையை எடுத்துக்கொண்டு போகும். உதிரிப்பாகக் கடையில் முன்பணம் கட்டி இரவல் வாங்கிய இரண்டு மரைத்தண்டுகள், முனைகளில் கொளுக்கி. அவற்றைச் சுருளின் இரண்டு பக்கமும் நேரெதிராக மாட்டி, இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்கவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சுருள் வளைந்து கொளுக்கி வழுக்கும்.

இந்த வேலையைத் தகப்பன் மகனிடம் விடவில்லை. தூணைப் படுக்கப் போட்டு, உச்சியை வேலிப்பக்கம் திருப்பினார். மகனைத் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். என் பக்கத்து யன்னல் திரையையும் ஒருதரம் பார்த்தார். நான் இருப்பது தெரியும்போலும். பிறகு, அன்று முன்னிரண்டும் மறுநாள் பின்னிரண்டுமாக, நாலு தூணுக்கும் ஒரு பேச்சும் இல்லை. ராட்செட்டின் கிர்கிர் மட்டும். ஒவ்வொரு உச்சி நட்டும் கழன்று சுருள் மெல்ல மெல்லத் தளர்ந்து தன் முழு நீளத்துக்கு வந்தபிறகுதான் அவர் மூச்சு விட்டார். அந்த மூச்சுகளை எண்ணியே எத்தனை தூண் முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

பூட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். தூண் இரண்டு கைகளுக்கு இடையால் கீழே இறங்கி வளைந்து உள்ளே போகவேண்டும், இடம் போதாது. ஒருவர் கீழ்க்கையைக் காலால் மிதித்துத் தாழ்த்த, மற்றவர் அந்த நொடியில் நுழைக்கவேண்டும்.

"அமத்துங்கோ அப்பா. இன்னும்."

"அமத்திறன். நீ தள்ளு."

"இன்னும் கொஞ்சம்..."

"என்ரை காலை விட வேற ஒண்டும் இல்லை. தள்ளு!"

நுழைந்தது. மேலே எஞ்சின் பக்கத்தில் இரண்டு நட்டு, கீழே ஒரு போல்ட். கீழ்ப்போல்டைப் போடுமுன் தகப்பன் அதன் மரைக்கும் தண்டுக்கும் செம்புக் கிரீஸ் பூசினார், விளிம்புவரை, ஒரு இடமும் விடாமல். அடுத்த முறை கழற்றுகிறவன் படப்போகும் பாட்டை நினைத்துச் செய்கிற காரியம் அது. மகன் அந்தப் போல்ட்டுக்கு அப்படிச் செய்யச் சொல்லி எங்கும் வாசிக்கவில்லை. ஆனால் இரண்டாவது பக்கத்துக்கு டப்பாவை அவனே திறந்து வைத்தான்.

யன்னலுக்கு அப்பால் ஒரு சோடிச் செருப்பு வந்து நின்றது.

"இஞ்சருங்கோ, ரெண்டு பேரும் சாப்பிட்டிட்டுச் செய்யுங்கோவன். சோறு ஆறுது."

"வாறம்."

செருப்பு போனது. அவர்கள் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு எஞ்சின் மூடியின்மேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. மகனின் இரண்டு கையும் கிரீஸ். தாய் உருண்டை பிடித்து வாயில் வைத்தாள் என்று நினைக்கிறேன். "பெரிசா வாயைத் திற" என்று கேட்டது.

ஞாயிறு பின்பக்கம். மியாட்டாவின் பின் ஷாக்குகளின் உச்சி நட்டுகள் டிக்கிக்குள் இருக்கின்றன. பற்றரியும் அங்கேதான், எஞ்சினுக்குப் பக்கத்தில் அல்ல. பாரத்தை முன்னும் பின்னுமாகச் சரிக்கட்ட வைத்தது. வலது பக்கத்து நட்டுகள் லேசாய் வந்தன. இடது பக்கம் பெற்றோல் ஊற்றும் குழாய் நட்டுக்கு முன்னால் குறுக்கே இறங்குகிறது. ராட்செட் நுழையாது. சாதாரண ஸ்பானர் நுழையும், திரும்பாது. மகன் அரை நாள் டிக்கிக்குள் தலையை விட்டபடி கிடந்தான். எனக்குத் தெரிந்தது அவன் கணுக்கால் மட்டும். ஆங்கிலத்தில் ஏசினான். தகப்பன் பழைய ஸ்பானர் ஒன்றை எடுத்து, டோர்ச்சால் சூடாக்கி, கழுத்தை வளைத்தார். ஆறவிட்டுக் கொடுத்தார். அது திரும்பியது, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று. மகன் மீண்டும் ஏசத் தொடங்கினான், இந்த முறை சந்தோஷத்தில்.

பின் தூண்களும் ஏறின. ஸ்வே பாரின் இணைப்புத் தண்டொன்று கழற்றும்போது முறிந்தது. மகன் தகப்பனின் கொரோலாவை எடுத்துக்கொண்டு கடை மூடுமுன் ஓடினான். அந்த இடைவெளியில் தகப்பன் தனியே நின்றார். கீழே படுத்தார். புதிய தூணின் மரையில் பெருவிரல் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தார். வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பி, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். வேலைப்பாட்டை மதிக்கிற ஆளின் கை அது. மகன் வந்ததும் எழும்பிவிட்டார்.

பிறகு ஸ்பானரை எடுத்து, இளக்கி விட்டிருந்த கீழ்க்கைப் போல்ட்டுகளை இறுக்கப் போனார்.

"இப்ப இறுக்காதேங்கோ அப்பா."

"ஏன்?"

"ரப்பர் முறுகிப் போம். கார் நிலத்தில நிக்கேக்கைதான் இறுக்கோணும்."

ஸ்பானர் போல்ட்டில் இருந்தபடியே நின்றது. கார் அந்தரத்தில் நிற்கும்போது சில்லைத் தாங்கும் கை கீழே தொங்கும். புஷ்ஷின் ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியது, வழுக்காது, முறுகும். தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் உள்குழல் அந்த நிலையிலேயே பூட்டுப்படும். கார் நிலத்தில் இறங்கிக் கை மேலே வரும்போது ரப்பர் முறுகிய நிலையிலேயே நாள் முழுக்க நிற்கவேண்டும். சீக்கிரம் கிழியும். அதோடு முறுகிய ரப்பர் தானும் ஒரு வில்லாகிக் காரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். மில்லிமீட்டர் பார்த்து வைத்த உயரம் பொய்யாகும். காரை இறக்குகிற பலர் இதைச் செய்வதில்லை. செய்யாமல் விட்டதை உடனே எதுவும் காட்டிக்கொடுக்காது, அதுதான் காரணம்.

தகப்பன் படுத்தபடியே யோசித்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு எறும்பு அவருடைய நெற்றியில் ஏறி மயிருக்குள் போகும்வரை. பிறகு ஸ்பானரை எடுத்துத் தாரில் வைத்தார்.

"மொறிசுக்கும் அப்பிடித்தான்," என்றார். "ஆனா எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

திங்கள் காலை நாலு சில்லுக்கும் கீழே பலகை அடுக்கினார்கள். கார் தன் பாரத்தில் தானே நின்றது, கீழே ஆள் நுழைய இடமும் கிடைத்தது. ரோர்க் ஸ்பானர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சொடக்குச் சத்தம் போட்டு நின்றது. சில்லு நட்டுகள் 110 நியூட்டன் மீட்டர். மஸ்டா கொடுத்த எல்லை 88இல் இருந்து 118வரை. மகன் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னான். தகப்பன் ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் புள்ளி வைத்தார்.

உயரத்தில்தான் பிரச்சினை வந்தது. அளக்கும் இடம் சில்லின் நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்புவரை. அப்படி அளந்தால் ரயர் காற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறாது. மகன் முன்னுக்கு 305 மில்லிமீட்டர் வைத்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ரயருக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட இல்லை. ஆனால் காரை இறக்க இறக்க ஷாக் அமுங்குவதற்கு மிஞ்சும் இடம் குறையும். அந்த இடம் முடிந்தால் உள்ளே ரப்பர் முட்டுக்கட்டையில் இடிக்கும். இடித்துக்கொண்டு ஓடும் கார் வளைவில் ஒட்டாது, எகிறும். வேகமாய்ப் போவதற்கு என்று வாங்கிய சாமான் காரை மெதுவாக்கிவிடும். இளைஞர்கள் கண்ணுக்காக இறக்குகிறார்கள், காருக்காக அல்ல. அதில் பிழையில்லை, அழகுக்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கட்டுவது முதுகெலும்பு.

தகப்பன் இவ்வளவும் சொல்லவில்லை. "மோர்னிங்சைட் ரோட்டுப் பள்ளம் உனக்குத் தெரியுந்தானே?" என்றார்.

"பாத்துத்தான் ஓடுவன்."

"அம்மாவை ஏத்திக்கொண்டு?"

மகன் கொக்கி ஸ்பானரை எடுத்துக் குனிந்தான். வளையம் ஏறியது, காரும் ஏறியது. 320 முன்னுக்கு, 325 பின்னுக்கு. இடது முன்பக்கம் 4 மில்லிமீட்டர் தாழ நின்றது. தகப்பன் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தார், மகனின் பாரத்துக்குப் பதிலாக. காரோட்டி இல்லாமல் அளந்த அளவு காரோட்டி ஏறியதும் மாறும். அவர் தோளோடு தோள் முட்டும் அந்தச் சின்ன ஆசனத்தில் அசையாமல் இருக்க, மகன் நாலு மூலையிலும் போய்ப் போய் அளந்தான்.

"ஷொக்கிலை உது என்ன குமிழ்?" உள்ளே இருந்து கேட்டார்.

"வலப்பக்கம் திருப்பினா இறுகும். இடப்பக்கம் இளகும். மொத்தம் பதினாறு. முழு இறுக்கத்திலை இருந்து நாலுதான் இளக்கி வைச்சிருக்கிறன், நல்ல இறுக்கம்."

"ம்."

பின்னேரம் மகன் தனியே ஓடிவிட்டு வந்தான். கதவு திறந்தபடியே பேசத் தொடங்கினான். வளைவில் கார் சரியவே இல்லையாம், ஸ்டியரிங்கைத் திருப்ப முந்தியே மூக்குத் திரும்புதாம். அடுத்து தாயை ஏற்றினான். திரும்பி வந்தபோது செருப்புகள் இறங்க நேரம் எடுத்தன. "நல்லா இருக்கு தம்பி," என்றாள். வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை ஒரு கை இடுப்பில் இருந்திருக்கவேண்டும், நடை அப்படி.

இருட்டியதும் விக்டோரியா டே வாணங்கள் வெடிக்கத் தொடங்கின. வீட்டார் எல்லோரும் பின்வளவுக்குப் போயிருந்தார்கள். தொழிற்சாலைச் சப்பாத்து மட்டும் டிரைவ்வேயால் வந்தது. எஞ்சின் மூடி திறந்தது. ஒரு பக்கம் டிக் டிக், மறுபக்கம் டிக் டிக். மூடி இறங்கியது. பிறகு டிக்கி, அங்கேயும் இரண்டு பக்கமும். எத்தனை என்று வாணச் சத்தத்தில் எண்ண முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மகன் அலைன்மென்ட் செய்துகொண்டு வந்தான். கையில் அச்சடித்த தாள்.

"அப்பா, நம்பமாட்டியள். அலைன்மென்ட் செய்தாப் பிறகு என்ன மெத்தெண்டு போகுது! பள்ளம் தெரியவே இல்லை. நேற்று ஓடின கார் இல்லை இது."

"ஓம்," என்றார் தகப்பன். "அலைன்மென்ட் முக்கியம்."

தாளை வாங்கி, கண்ணாடியைச் சட்டைப்பையால் எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். எல்லா இலக்கமும் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு: வலது பின்சில்லு. அந்தப் போல்ட்டை அங்கேயும் அசைக்க முடியவில்லை.

"உதை வெட்டத்தான் வேணும்," என்றார். "புதுப் போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் சொல்லி வை. சனிக்கிழமை செய்வம்."

"நீங்கள் சனிக்கிழமை வேலையெல்லோ?"

"மாத்தலாம். வாள் ஒண்டு இரவல் எடு. பல்லு நுணுக்கமா இருக்கோணும்."